மூன்றாம் பாகத்து ஆல்ட்டோ

எங்கள் தேவாலயப் பாடற்குழுவில் மோனிஷாவுக்கு இருந்த மூச்சு வேறு யாருக்கும் இருந்ததில்லை. செத்துப்போனவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமே என்று இதைச் சொல்லவில்லை. உயிரோடு இருக்கும்போதே அவள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன், வயிற்றெரிச்சலோடுதான் சொல்லியிருக்கிறேன். நாங்கள் நடுவில் திருட்டுத்தனமாக மூச்சு வாங்கிக் கடக்கிற வரியை அவள் ஒரே மூச்சில் கடந்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

வெள்ளகோவில் பக்கம் பிறந்தவள். அப்பா விசைத்தறி ஓட்டினார். பத்தாவது முடித்த கையோடு திருப்பூருக்கு வந்து, மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தாள். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக் கொடுத்து, தைத்து விழுவதை மடித்து அடுக்குகிற வேலை அது. நிற்கும்போதே மிஷினைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, கொஞ்ச நாளில் ஓவர்லாக் டெய்லராக உட்கார்ந்துவிட்டாள். ஓவர்லாக் மிஷின் வரிசையாக ஓடுகிற இடத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அந்தச் சத்தத்துக்கு மேலே பாடிப் பாடித்தான் தனக்கு அந்த மூச்சு வந்தது என்பாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நானும் அதே மாதிரி ஒரு கம்பெனியில்தான் செக்கிங்கில் காலம் தள்ளுகிறேன், எனக்கு ஏன் வரவில்லை? சில பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவள் புருஷன் அருள்செல்வன்தான் எங்கள் பாடற்குழுவுக்குத் தலைவர். குன்னத்தூர்க்காரர். வாரம் முழுக்க அவருக்கு இன்னொரு கம்பெனியில் ஐ.இ. வேலை. பனியன் கம்பெனியில் ஐ.இ. என்றால் கையில் ஸ்டாப் வாட்சோடு டெய்லர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவர். பனியனுக்கு ஒரு கையை மூட்ட யாருக்கு எவ்வளவு நொடி ஆகிறது, எந்த மிஷினுக்கு முன்னால் பீஸ் தேங்குகிறது என்று பார்த்து, மெதுவாகத் தைப்பவரின் பண்டலை எடுத்து வேகமாகத் தைப்பவரிடம் வைப்பார். மிஷின் வரிசை, அதாவது லைன், நிற்கக் கூடாது. அது ஒன்றுதான் அவர் வேலை. இதற்கு லைன் பேலன்ஸ் என்று பெயர். டெய்லர்களுக்கு ஐ.இ.யைக் கண்டாலே ஆகாது. மோனிஷா அவரைக் கட்டிக்கொண்டபோது, திருடி போய்ப் போலீஸ்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று அவளுடைய லைனே சொல்லிச் சிரித்ததாம்.

ஆனால் மனிதர் தங்கம். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். ஹாஸ்டலில் படித்த காலத்தில் கீபோர்டும் ஐந்து கோட்டுத் தாளில் இசை எழுதவும் படித்திருந்தார். குழந்தை இல்லாத வீடு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் குழுவுக்கே என்று ஆகிவிட்டது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மோனிஷாவுக்கு இருமல் வந்தது. திருப்பூரில் யாருக்கு இருமல் இல்லை என்று நாங்கள் விட்டுவிட்டோம். அவள் வேலையை விட்டு நின்றாள். அப்புறமும் இருமல் போகவில்லை. கோயமுத்தூர் போய்ப் படமெல்லாம் எடுத்துப் பார்த்ததில், நுரையீரல் காய்ந்து சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார்கள். பஞ்சுத் தூசியாலா என்று கேட்டதற்கு, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றாராம் டாக்டர். மருந்து கொடுத்தால் சுருங்குவது மெதுவாகும், நிற்காது. இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அந்த வாரம்தான் அவள் புருஷனிடம் கேட்டாள். "ஏனுங்க, எனக்குன்னு ஒரு பாட்டு எழுதுங்களேன். நெம்ப நீளமா, மூச்சுப் புடிச்சுப் பாடற மாதிரி. நா பாடறதுக்கு இருக்கறப்பவே எழுதிப்போடுங்க."

அவர் எழுத ஆரம்பித்தார். அடுத்த பெரிய வெள்ளிக்குக் கோயிலில் பாடுவதற்கு, ஐந்து பாகமாக ஒரு பெரிய பாட்டு. தோட்டம், தெரு, சிலுவையடி, துணி, கல்லறை என்று பாகங்களுக்குப் பெயர். மூன்றாவதான சிலுவையடியில் தாய் தனியாகப் பாடுகிற இடம் மோனிஷாவுக்கு. பெண்களில் கீழ்க்குரல் பாடுகிற ஆல்ட்டோவுக்குத் தனிப்பாட்டு யாரும் தர மாட்டார்கள், எல்லாம் மேல்குரல் பாடுகிற சோப்ரானோக்களுக்குத்தான் போகும். எங்கள் வரிசையே தலை நிமிர்ந்த மாதிரி இருந்தது.

"உயரம் எட்டவில்லை மகனே,
உன் கால் மட்டும் தொடுகிறேன்."

இரண்டே வரிதான். அதைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே ஏற்றி, ஒரு பக்கம் முழுக்க நீட்டியிருந்தார். மோனிஷாவின் மூச்சை அளந்து தைத்த சட்டை அது.

எழுதுவதற்குக் கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருள் வைத்திருந்தார். அதில் கோட்டின் மேல் சுரத்தை மவுஸால் கொண்டுபோய் உட்கார வைக்கிற வேலை கிடையாது. ஒரு சுரத்துக்கு ஓர் எழுத்து, அதன் நீளத்துக்கு ஓர் எண் என்று கடிதம் மாதிரித் தட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் அழகான ஐந்து கோட்டுத் தாளாக மாறி வரும். முதலில் அவர் ஐந்து பாகத்தையும் ஒரே கோப்பில் தட்டினார். அடி தெரியாமல் நீண்டுகொண்டே போனது. எங்கோ ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால், முழுப் பாட்டும் வராமல் முரண்டு பிடிக்கும். அந்த ஒன்றைத் தேடி ஒரு ஞாயிறு மத்தியானம் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் கம்பெனி மூளை வேலை செய்தது. ஒரு பனியனை முழுசாகவா வெட்டுகிறோம்? பாடி வேறு, கை வேறு, கழுத்துப்பட்டி வேறு என்று வெட்டிப் பண்டல் கட்டி, கடைசியில்தானே சேர்க்கிறோம்? அதே மாதிரிப் பிரித்தார். பாகத்துக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் பெண்களுக்குச் சோப்ரானோ, ஆல்ட்டோ, ஆண்களுக்கு டெனர், பேஸ் என்று குரலுக்கு ஒரு கோப்பு, வார்த்தைகளுக்குத் தனிக் கோப்பு. எழுத்து எவ்வளவு பெரிதாக வர வேண்டும், தாள் என்ன அளவு என்பதெல்லாம் எல்லாப் பாகத்துக்கும் பொதுவாக ஒரே கோப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, மற்றவற்றை வரிசையாகக் கூப்பிடுவது மட்டுமே வேலையாக ஒரு சின்னத் தலைக்கோப்பு. மூன்றாம் பாகம் மட்டும் வேண்டுமா, தலைக்கோப்பில் மற்ற நாலையும் மறைத்தால் போதும். ஆல்ட்டோக்களுக்கு அவர்கள் குரல் மட்டும் ஐந்து பாகத்துக்கும் வேண்டுமா, அதற்கு இன்னொரு தலைக்கோப்பு. ஒரு சுரத்தை ஓரிடத்தில் திருத்தினால் எல்லாத் தாளிலும் திருந்தி வரும். செக்கிங்காரி என்பதால், அச்சில் வந்ததைப் பிழை பார்க்கிற வேலை எனக்கு விழுந்தது. அவர் வீட்டுக்கு நான் அடிக்கடி போனது அதற்காகத்தான்.

முதல் முறை எல்லாருக்கும் தாள் அடித்துக் கொடுத்தார். தோட்டத்தை ஆரம்பித்தோம். மற்றவர்கள் தோட்டத்தில் இருக்க, ஆல்ட்டோக்கள் மட்டும் எங்கோ பாதாளத்தில் போய்க்கொண்டிருந்தோம். பேஸ் பாடுகிற கிழவர்கள் எங்களை முறைத்தார்கள். பிழை பார்க்க எனக்கு அவர் அந்த ஆல்ட்டோ தாளைத் தரவே இல்லை, ஆகையால் பழி என் மேல் இல்லை. பார்த்தால் ஐந்து பாகத்துக்கும் கல்லறையின் ஆல்ட்டோவே அச்சாகி வந்திருக்கிறது.

அருள்செல்வன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அஞ்சு பாகத்துக்கும் ஆல்ட்டோன்னு ஒரே பேரு வச்சுட்டனுங்க. மொதல்லயே எல்லாத்தையும் வரிசையா கூப்புட்டதுல, பின்னால வந்தது முன்னால வந்தத அழிச்சுட்டு உக்காந்துக்கிச்சு."

"அஞ்சு சைஸுக்கும் ஒரே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கறாரு," என்றாள் மோனிஷா. "நாமன்னா இந்நேரம் கேட்டுக்கு வெளிய நிப்போம்."

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்தது. வந்த இருமல் நிற்கவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினோம். அருள்செல்வன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவளுக்கு அதைக் குடிக்கக்கூட மூச்சு இல்லை.

பெயர்களைப் பாகம் வாரியாக மாற்றிச் சரிசெய்துவிட்டார். தை மாதத்திலிருந்து ஒழுங்காகப் பயிற்சி நடந்தது. ஆல்ட்டோவில் மேல் வரி நானும் இன்னொருத்தியும். கீழ் வரி மோனிஷாவும் ஜனனியும். ஜனனி சின்னப் பெண், ஏதோ கம்பெனி ஆபீஸில் மெயில் போடுகிற வேலை. சொன்னதைச் சொன்னபடி பாடுவாள், சுருதி பிசகாது. முதல் வாரம் சிலுவையடியை மோனிஷா முழுசாகப் பாடினாள். கடைசி எழுத்தில் மட்டும் குரல் மெலிந்தது. பாடி முடித்து வழக்கம்போல என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் புதுத்தாள் வந்தது. இரண்டாம் வரியின் பின்பாதி ஜனனிக்குப் போயிருந்தது. "ரெண்டு குரலு மாறி மாறி வந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சுங்க. அம்மா பாடறா, கூட நிக்கற பொண்ணு அத முடிச்சு வைக்கறா," என்றார். பாடிப் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது. அடுத்த தாளில் முதல் வரியிலும் ஒரு துண்டு போனது. அதற்கடுத்த தாளில் இன்னும் கொஞ்சம். மோனிஷாவின் தாளில் அந்தந்த இடங்களில் ரெஸ்ட் அடையாளம் வந்து உட்கார்ந்தது, வாயை மூடிக்கொண்டு நில் என்பதற்கு இசையில் அதுதான் குறி.

பயிற்சியின்போது நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். மற்ற எல்லாருடைய முகத்தையும் பார்த்துக் கை காட்டுவார். மோனிஷாவிடம் வரும்போது மட்டும் பார்வை அவள் கழுத்தெலும்புக்கு இறங்கிவிடும். அது மேலே ஏறி நிற்பதைப் பார்த்துக்கொண்டே இடது கைக் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு நொடி எண்ணுவார். வலது கை எங்களுக்குத் தாளம் காட்டிக்கொண்டிருக்கும்.

கையால் எழுதுகிற தாளாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. ஒரு முறை மாற்றினாலே எல்லாருக்கும் திரும்ப எழுதிக் கொடுக்க வேண்டும், கை ஓய்ந்து விட்டிருப்பார். இது அப்படி இல்லையே. கீழ் ஆல்ட்டோ கோப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு மோனிஷா என்றும் ஒன்றுக்கு ஜனனி என்றும் பெயர் வைத்திருந்தார். இதிலிருந்து வெட்டி அதில் ஒட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் அதே நீளத்துக்கு ரெஸ்ட். தலைக்கோப்பைத் தொடவே தேவையில்லை. மொத்தக் கணக்கு எப்போதும் சரியாக இருக்கும்.

பங்குனி வெயிலில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து பிழை பார்த்த தாள்களோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பக்கத்துப் போர்ஷன் பீகார் பையன்கள் வாசலில் துணி அலசிக்கொண்டு இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள். மோனிஷா கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அருள்செல்வன் எனக்கு மோர் கொண்டுவந்தார்.

"ஏனுங்க, என்ர பண்டல் கொறஞ்சுட்டே வருதுங்களே," என்றாள் அவரிடம், சாதாரணமாக.

"என்ன பண்டலு?"

"சிலுவையடியிலதானுங்க. வாராவாரம் எனக்குக் கொறையுது, ஜனனிக்கு எச்சாப் போகுது. லைன் பேலன்ஸ் பண்றீங்களா?"

அவர் மோர்த் தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், முகமே சொல்லிவிட்டது.

மோனிஷா என் பக்கம் திரும்பினாள். "நா கம்பெனில இருந்து எப்படி நின்னேன்னு உங்களுக்குத் தெரியாதுங்க்கா. நானா நிக்கல. இருமல் வந்ததுல கை கொஞ்சம் தாமசமாச்சு. ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல. என்ர மிஷினுக்கு வர்ற பண்டல் மட்டும் கொறஞ்சுது. பக்கத்துப் புள்ளைக்குக் கூடுச்சு. நாங்கூட, நம்மளப் பாத்துப் பாவப்படறாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். ஒரு நாளு போறேன், என்ர மிஷின்ல வேறொருத்தி உக்காந்து தைக்கறா. நல்லாத்தான் தைக்கறா. லைன் பாட்டுக்கு ஓடிட்டு இருக்குது."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். நாங்கள் காத்திருந்தோம்.

"அத யாரு பண்ணுனாங்கன்னு எனக்கு மூஞ்சிகூட நெனப்பில்லீங்க. இது ஊட்டுக்குள்ள இருந்து வருது."

"நடுவுல மூச்சு நின்னுட்டா அத்தன பேருத்துக்கு முன்னால உனக்குத்தான சங்கடம்," என்றார் அவர். "அதுக்குத்தான் மோனி. வேறெதுக்கும் இல்ல."

"நின்னா நிக்கட்டுமுங்க. பாட்டும் நிக்கட்டும். நா மூச்சு எடுக்கற வரைக்கும் அத்தன பேரும் நில்லுங்க. நீங்க கைய எறக்காம அப்படியே புடிச்சுட்டு நில்லுங்க. அப்பறம் நா பாடறேன். இவ்வளவுதானுங்க நாங் கேக்கறது. எனக்காவ ஒரு நாளு நிக்க மாட்டீங்களா?"

நிற்கிறேன் என்றார். என் முன்னாலேயே கம்ப்யூட்டரைத் திறந்தார். ஜனனி என்ற கோப்பில் இருந்ததையெல்லாம் எடுத்து மோனிஷாவின் கோப்பில் பழையபடி வைத்தார். வைத்துவிட்டு ஜனனியின் கோப்பை அழித்தே போட்டார். ஒவ்வொரு வரியின் நடுவிலும் நிறுத்தக் குறி ஒன்று சேர்த்தார், வளைவுக்குக் கீழே ஒரு புள்ளி இருக்கும். கை காட்டுபவர் கையை இறக்குகிற வரைக்கும் யாரும் நகரக் கூடாது என்று அதற்கு அர்த்தம்.

அடுத்த பயிற்சியில் எல்லாரிடமும் சொன்னார். "மோனிஷா நின்னா எல்லாரும் நிக்கோணும். எவ்வளவு நேரமானாலும் செரி. என்ர கையப் பாருங்க." நின்றோம். அவளுக்கு மூச்சு திரும்புகிற வரைக்கும் அவர் கை அந்தரத்தில் நிற்கும். அந்த நேரம் முழுக்க அவளுடைய மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும், தகரத்தில் துடைப்பம் இழுப்பது மாதிரி. காது கொடுத்துக் கேட்க முடியாது. ஆனால் அவள் மறுபடியும் ஆரம்பிக்கும்போது, இத்தனை வருஷம் நாங்கள் பாடியதெல்லாம் என்ன பாட்டு என்று தோன்றும். அப்படி இருந்தது. ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. நாங்கள் நிற்கிற நேரத்தில் ஜனனியின் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருக்கும். மாசக்கணக்கில் பாடிப் பழகிய வாய். கோப்பை அழித்த மாதிரி அதை அழிக்க முடியுமா?

பெரிய வெள்ளி வந்தது. மத்தியான ஆராதனை, கோயில் நிறைந்து வாசல் வரைக்கும் ஆட்கள். அவள் வெள்ளைச் சேலை கட்டி, முதல் இரண்டு பாகமும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினாள். மூன்றாம் பாகத்துக்கு எழுந்து நின்றாள். நான் கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டாள்.

முதல் வரியை முழுசாகப் பாடினாள். எங்கும் நிற்கவில்லை. பழைய மோனிஷாவே வந்து நின்ற மாதிரி இருந்தது. இரண்டாம் வரி. "உன் கால் மட்டும்" வரைக்கும் வந்து நின்றாள். அவர் கை அந்தரத்தில் நின்றது. நாங்கள் நின்றோம்.

ஃபேன் சத்தம் கேட்டது. அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. முன்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். குனிந்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஆயர் தாளைப் புரட்டினார். மோனிஷா தலையை லேசாக அசைத்தாள், இதோ வருகிறேன் என்கிற மாதிரி. வந்துகொண்டுதான் இருந்தாள். கழுத்தெலும்பு ஏறிவிட்டது, வாய் திறந்துவிட்டது. எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் நின்றேன்.

"தொடுகிறேன்" என்று ஜனனி பாடினாள். மெல்லிசாக, சரியான சுருதியில், துளி பிசகில்லாமல்.

ஜனனியை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அது அவளைக் கேட்காமல் வாயில் வந்த சத்தம். அவர் கையை அப்படியே வைத்திருந்தால் அது ஒரு சின்னத் தடுமாற்றமாகப் போயிருக்கும், நாங்கள் இன்னும் நின்றுதான் இருந்திருப்போம். அவர் கையை இறக்கினார். ஜனனியின் குரலைக் கேட்ட அதே நொடியில் இறக்கிவிட்டார். மற்ற குரல்களை உள்ளே கூப்பிட்டார், பாட்டு நகர்ந்தது. மோனிஷா ஜனனியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் தாளை மூடினாள். உட்காரவில்லை. மிச்சப் பாட்டு முழுவதும் வாயை மூடிக்கொண்டு நேராக நின்றாள். வந்திருந்த ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இந்த வருஷம் பாட்டு உள்ளத்தை உருக்கிவிட்டது என்று ஆயர் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் அருள்செல்வன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நிக்காம போயிருச்சுங்க்கா," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் அவருக்குப் பின்னால் மோனிஷா வந்துவிட்டாள். "ஆமாங்க, நிக்கலீங்க," என்றாள். அதில் கோபம் இல்லை. பஸ் போய்விட்டதா என்று கேட்டால் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். அவர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். என்ன செய்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

அதற்கப்புறம் அவள் பயிற்சிக்கு வரவில்லை. ஜனனி மோனிஷாவின் வீட்டுக்குப் போய்க் காலடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். "நீ என்ன பண்ணுவ கண்ணு. முன்னால வந்த பண்டலத் தச்சுப்போட்ட," என்று தலையைத் தடவி அனுப்பினாளாம். புருஷனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டாரா என்று கேட்பாள், துணியை வெயிலில் போடச் சொல்வாள், ராத்திரி அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன் என்று அவர் என்னிடம் சொல்லி அழுதார். கிறிஸ்துமஸுக்கு அந்தப் பாகத்தை மட்டும் மறுபடியும் பாடலாம், இந்த முறை சத்தியமாக நிற்கிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். அவள் சிரித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று கேட்டாளாம்.

ஆடிக் காற்றில் செத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் குழாயும் முகமூடியுமாக இருந்தது, அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடக்கத்தில் சிலுவையடியைப் பாட வேண்டும், தானே கை காட்டுவேன் என்றார். "வேண்டாமுங்க தம்பி, மனசு தாங்காது," என்றேன். கேட்கவில்லை. காலையில் உட்கார்ந்து மூன்றாம் பாகத்தை மட்டும் தனியாக அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். தாளில் மோனிஷாவின் வரி முழுசாக இருந்தது. அதை யார் பாடுவது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, ஜனனி பாடுவாள் என்று எல்லாரும் நினைத்தோம்.

கல்லறைத் தோட்டத்தில் காற்று தாளைப் பிடுங்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாடினோம். மோனிஷா தனியாகப் பாடுகிற இடம் வந்தது. ஜனனி உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். யாரும் பாடவில்லை. அருள்செல்வனின் கை அந்தரத்தில் நின்றது. நாங்கள் அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குழி வெட்டியவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். பின்னால் கம்பெனி ஆட்கள் கூட்டத்தில் யாரோ, "பாட்டு மறந்து போச்சாட்ட இருக்குது," என்றார்கள்.

அவர் கையை இறக்கவே இல்லை. மோனிஷா கேட்டது இதைத்தான். ஆனால் அவள் கேட்டது பெரிய வெள்ளிக்கு.